நுரைக்கும் கிளாஸில் என்ன இருக்கிறது?

இலண்டனின் வடமேற்கே ஹரோவில் வசிக்கும் என் தமக்கையின் மகள், சில ஆண்டுகளுக்கு முன் தைமாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்களைப் 'பிறஞ்ச்' உண்ண அழைத்திருந்தாள். தொலைபேசியில் அந்தச் சொல்லைக் கேட்டபோது ஏதோ பிரெஞ்சு நாட்டு விருந்தாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி, ஆங்கிலத்தில் இரண்டு சொற்களையும் வெட்டி ஒட்டிச் செய்த பெயர் அது என்பதைப் பின்னர் அவளே விளக்கினாள். 'முற்பகல் விருந்து' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த விருந்துக்கு நான் தனியாகச் செல்லவில்லை. கொழும்பில் ஒரே பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் என்னோடு பல ஆண்டுகள் பணியாற்றி, இப்போது இலண்டனில் வாழும் நண்பர் ஒருவரையும் அழைத்துச் சென்றேன். வயதில் என்னிலும் மூத்தவர். 'அண்ணை' என்றே அவரை அழைப்பது வழக்கம். இந்தக் கட்டுரையிலும் அவர் வெறும் அண்ணையாகவே இருக்கட்டும்.

வாசலில் மேலங்கிகளைக் கழற்றி முடிப்பதற்குள் மருமகளின் கணவர் தட்டொன்றை ஏந்தி வந்தார். உயர்ந்து ஒடுங்கிய கிளாஸ்களில் தோடம்பழ நிறத்தில் ஒரு பானம். அடியிலிருந்து சிறு குமிழிகள் மணிமணியாக எழுந்துகொண்டிருந்தன. “இது சும்மா தோடம்பழ யூஸ் மாதிரித்தான் அண்ணை, குடியுங்கோ” என்றார். நான் ஒன்றை எடுத்தேன். அண்ணையும் ஒன்றை எடுத்தார்.

முதல் மிடறிலேயே அதில் வைன் கலந்திருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. பழைய உறவுகளைக் கண்ட மகிழ்ச்சியில், என் அருகில் நின்றவரின் கையிலும் அதே கிளாஸ் இருப்பதை நான் கவனிக்கவே இல்லை. சற்றுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அவரைக் காணவில்லை. யன்னலோரத்தில் ஒரு கிளாஸ் ஏறக்குறைய நிறைந்தபடியே இருந்தது.

அவர் வீட்டின் பின்புறத்துத் தோட்டத்தில், மேலங்கியும் இல்லாமல் குளிரில் நின்றுகொண்டிருந்தார். அருகே சென்றேன். “பதினொரு வருசம். எல்லாம் மறந்திட்டன் எண்டுதான் நினைச்சிருந்தன். வாய் மறக்கேல்லை” என்றார். அதற்குமேல் எதுவும் பேசவில்லை. சாப்பிட்டதாகப் பெயர்பண்ணிவிட்டு, வேலையிருப்பதாகச் சொல்லி முதல் ஆளாகப் புறப்பட்டுவிட்டார்.

பத்திரிகை உலகில் ஒருகாலத்தில் மதுவின் ஆட்சி எத்தகையது என்பதை அறிந்தவர்களுக்கு அண்ணையின் பதினொரு வருடங்கள் என்ன விலை கொடுத்து வாங்கப்பட்டவை என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. அறியாதவர்களுக்கு விளக்கவும் நான் விரும்பவில்லை. அது அவருடைய கதை.

அன்று மாலையே மருமகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கலங்கிவிட்டாள். “ஏன் மாமா எனக்கு முன்னமே சொல்லேல்லை? நான் அவருக்கு வேற ஏதாவது குடுத்திருப்பனே” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால், அந்தக் கேள்விக்குள் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது என்று அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. அதைப்பற்றியே இங்கு எழுத முனைகிறேன்.

முதலில் இந்த முற்பகல் விருந்தின் பூர்வீகத்தைச் சற்றுப் பார்ப்போம். 1895ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கை பெரிங்கர் என்ற எழுத்தாளர் 'ஹன்டர்ஸ் வீக்லி' என்ற ஏட்டில் எழுதிய கட்டுரையொன்றில்தான் இச்சொல் முதலில் அச்சேறியதாகக் கூறுவர். சனிக்கிழமை இரவு கூத்தடித்தவர்கள் ஞாயிறு காலையில் அவசரப்பட்டு எழும்பாமல், ஆறுதலாகப் பின்னர் எழுந்து உண்ணட்டும் என்பதே அவருடைய வாதம். காலைப் பதிப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டு விடியற்புறத்தில் வீடு திரும்பி, பதினொரு மணிக்கு எழுந்து பாணும் சம்பலும் உண்ட எங்களுக்கு இந்தக் கண்டுபிடிப்பு புதியதன்று. அதற்கு ஒரு பெயர் இருப்பதுதான் தெரியாமற் போயிற்று.

அந்த மேசையில் தரப்படும் நுரைக்கும் பழபானங்களுக்கும் தனித்தனியே வரலாறு உண்டு. இலண்டனின் 'பக்ஸ் கிளப்'பில் 1921ஆம் ஆண்டு தோன்றியது 'பக்ஸ் ஃபிஸ்'. ஒரு பங்கு தோடம்பழச் சாறு, இரண்டு பங்கு ஷாம்பெயின். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் அது 'மிமோசா'. மஞ்சட் பூப்பூக்கும் செடியொன்றின் பெயர் அதற்கு வந்தது. வெனிஸ் நகரில் ஜுசெப்பே சிப்பிரியானி 1931இல் திறந்த 'ஹரிஸ் பார்' என்ற மதுச்சாலையில் பிறந்தது 'பெல்லினி'. வெண்ணிறச் சதை கொண்ட பீச் பழத்தை மசித்துப் புரொசெக்கோ வைனுடன் சேர்ப்பது. ஜொவானி பெல்லினி என்ற ஓவியரின் படங்களிற் காணும் இளஞ்சிவப்பை அதன் நிறம் நினைவூட்டியதால் அப்பெயர் இடப்பட்டது என்பர்.

இவை யாவும் செய்வதற்கு எளியவை, பார்ப்பதற்கு அழகியவை. அந்த அழகில்தான் சிக்கலும் இருக்கிறது. சாராயத்தையோ விஸ்கியையோ யாரும் பழச்சாறென்று நினைத்து எடுத்துவிடுவதில்லை. அதன் நிறமும் மணமும் தன்னை யார் என்று சொல்லிவிடும். இந்தப் பானங்களோ பழத்தின் நிறத்தையும் பழத்தின் மணத்தையும் போர்த்துக்கொண்டு வருகின்றன. அவற்றை ஏந்தி வருபவரும் 'சும்மா யூஸ்' என்கிறார்.

'சும்மா' என்ற அந்தச் சொல்லைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஷாம்பெயினில் ஏறத்தாழ 12 வீதம் மதுசாரம் உண்டு. சரிபாதி சாறு கலந்த மிமோசாவில் 6 வீதம். சாதாரண லாகர் பியரில் இருப்பது 5 வீதமளவே. இரண்டு பங்கு ஷாம்பெயின் சேரும் பக்ஸ் ஃபிஸில் 8 வீதம். காலைவேளையில் வெறுவயிற்றோடு வந்த ஒருவரின் கையில் பியரிலும் வலிய பானம் ஒன்றைக் கொடுத்துவிட்டு அதைப் பழச்சாறென்று சொல்வது, எவ்வளவு அன்போடு சொல்லப்பட்டாலும், உண்மையன்று.

இனி மருமகளின் கேள்விக்கு வருகிறேன். 'முன்னமே ஏன் சொல்லவில்லை?'

என்னவென்று சொல்லியிருக்கவேண்டும்? 'இவர் ஒருகாலத்தில் பெருங்குடிகாரர், இப்போது விட்டுவிட்டார்' என்றா? அல்லது விருந்தினர் ஒவ்வொருவரும் வாசலில் நின்று தத்தம் காரணத்தைப் பதிவுசெய்துவிட்டு உள்ளே வரவேண்டுமா? கருவுற்றிருப்பதை இன்னும் வீட்டாருக்கே சொல்லாத இளம்பெண் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். மதுவோடு சேரக்கூடாத மருந்தை உட்கொள்பவர் இருக்கலாம். அன்று விரதம் பிடித்தவர் இருக்கலாம். மார்க்கம் தடுப்பதால் தொடாதவர் இருக்கலாம். வீடு திரும்பக் கார் ஓட்டவேண்டியவர் இருக்கலாம். பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணமே இல்லாதவரும் இருக்கலாம். இவர்களுள் எவரும் தம் காரணத்தை யாருக்கும் ஒப்புவிக்கவேண்டிய கடமை உடையவர் அல்லர்.

தன்னைப்பற்றிச் சொல்லவேண்டியது கிளாஸ், விருந்தினர் அல்லர். நான் கூறவருவதன் சாரம் இவ்வளவுதான்.

நான் மதுவிலக்குப் பிரசாரகன் அல்லன். என்னைத் தெரிந்தவர்கள் இவ்வரியை வாசித்துச் சிரிக்கவும் கூடும். விரும்புபவர் அருந்தட்டும். ஆனால் பொதுவாக எல்லோருக்கும் நீட்டப்படும் முதற் கிளாஸ், எல்லோரும் அச்சமின்றி எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். பழமும் சோடாவும் கொண்டு அதைச் செய்யுங்கள். வைன் போத்தலை அதன் பெயர் தெரியும்படி மேசையின் ஒரு மூலையில் தனியே வையுங்கள். வேண்டியவர் தம் கையால் ஊற்றிக்கொள்ளட்டும். சேர்க்கலாம்; ஆனால் ஒருமுறை சேர்த்ததை எவராலும் பிரித்தெடுக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். மது அருந்தாதவர்களுக்கு எங்கள் விருந்துகளில் கிடைக்கும் மரியாதை எத்தகையது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? குடிப்பவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ், கைதேர்ந்த கலவை, ஓரத்தில் செருகிய பழத்துண்டு. குடிக்காத பெரியம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பிளாஸ்ரிக் கோப்பையில் வாயு போன கோலா. டொரொன்ரோவிலும் சிட்னியிலும் கொழும்பிலும் நான் கண்ட காட்சி இதுவே. நீரிழிவுக்கு மருந்தெடுக்கும் பெரியம்மாவின் கையில் சீனிப்பாகைக் கொடுத்துவிட்டு அதை உபசாரம் என்கிறோம். குடிக்காதவர் மேசையில் இரண்டாம் தரத்தவர் ஆகிவிடுகிறார். அதனால்தான் பலர், குறிப்பாக இளைஞர்கள், விருப்பமில்லாமலே மற்றக் கிளாஸை எடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

'நுரையில்லாவிட்டால் அது விருந்துப் பானமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். நுரைக்கும் மதுவுக்கும் கட்டாய உறவு எதுவும் இல்லை. 1767ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் யோசப் பிரீஸ்ட்லி என்ற மதகுரு, தம் வீட்டுக்கு அருகேயிருந்த பியர் வடிசாலையின் தொட்டிகளுக்கு மேலே மிதந்த வாயுவை நீரிற் கலந்து பார்த்தார். நாவில் சுறுசுறுக்கும் நீர் கிடைத்தது. அந்த வாயு காபனீரொட்சைட்டு. ஐந்தாண்டுகள் கழித்து அந்தச் செய்முறையை அவர் நூலாகவும் வெளியிட்டார். பியர்த் தொட்டிக்கு மேலே பிறந்தும் ஒரு துளி மதுசாரத்தைத் தன்னோடு எடுத்துவராத பிள்ளை இந்தச் சோடா. கழுத்திற் போளை அடைத்த சோடாப் போத்தலைப் பெருவிரலால் அமுக்கித் திறந்து, தேசிக்காய் பிழிந்து குடித்த தலைமுறை எங்களுடையது. நுரையை யாரும் எமக்குப் புதிதாக அறிமுகப்படுத்தவேண்டியதில்லை.

செய்முறையைச் சொல்லாமல் உபதேசம் மட்டும் செய்வது பத்திரிகைக்காரனுக்கு அழகன்று. அந்த நிகழ்வுக்குப் பின் மருமகளும் நானும் அவளுடைய சமையலறையில் பலமுறை செய்து பார்த்துத் திருத்திய முறை இது. ஆறுபேருக்கானது.

நடுத்தர அளவுத் தோடம்பழங்கள் ஐந்து அல்லது ஆறு. கொடித்தோடம்பழம் மூன்று. தேசிக்காய் பாதி. உப்பு ஒரு சிட்டிகை. பழம் புளித்தால் மட்டும் ஒரு தேக்கரண்டி சீனி. ஒரு லீற்றர் வெறுஞ்சோடா. ஐரோப்பாவில் இருப்பவர்கள் தை முதல் பங்குனி வரை சந்தைக்கு வரும் சிசிலித் தீவின் செந்தோடையை வாங்கினால் நிறம் அள்ளிக்கொண்டு போகும். இலங்கையில் இருப்பவர்களுக்குப் பிபிலைத் தோடை இருக்கவே இருக்கிறது. தோல் பச்சையாக இருப்பது கண்டு ஒதுக்கவேண்டாம். இரவிலும் வெம்மை குறையாத நாடுகளில் தோடை பழுத்தும் பச்சையாகவே இருக்கும். கிறேப்ஃபுரூட்டை மட்டும் பொதுக் கிளாஸில் தவிர்த்துவிடுங்கள். கொழுப்பைக் குறைக்கும் சில மருந்துகளோடு அது ஒத்துப்போவதில்லை.

முதல்நாள் இரவே பழங்களையும் சோடாவையும் கிளாஸ்களையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இது அலங்காரத்துக்காகச் சொல்வதன்று. ஒரு லீற்றர் நீர் சாதாரண வளியமுக்கத்தில் 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 0.9 லீற்றர் காபனீரொட்சைட்டையே தாங்கும். 0 பாகையில் 1.7 லீற்றரைத் தாங்கும். வெம்மையான சாற்றிற் சோடாவை ஊற்றினால் வாயு கிளாஸில் நில்லாது ஓடிவிடும். எல்லாம் குளிர்ந்திருந்தால் ஐஸ்கட்டியும் தேவையில்லை. ஐஸ் உருகினால் பானம் சாயம்போன சேலைபோல் ஆகிவிடும்.

காலையில் விருந்தினர் வருவதற்கு அரைமணிக்கு முன் சாறு பிழியுங்கள். கொடித்தோடையை வெட்டி உள்ளீட்டைக் கரண்டியால் வழித்து, தேசிச்சாற்றோடு சேர்த்து எல்லாவற்றையும் வடித்தட்டால் வடியுங்கள். சக்கையும் தும்பும் இருந்தால் குமிழிகள் அவற்றைப் பற்றிக்கொண்டு ஒரேயடியாகப் பொங்கிவிடும். உப்பையும் சீனியையும் சாற்றிலேயே முழுதாகக் கரைத்துவிடவேண்டும். சோடா ஊற்றியபின் சீனி தூவினால் மேசைவிரிப்பைத் தோய்க்கவேண்டி வரும், என் அனுபவம்.

ஒவ்வொரு கிளாஸிலும் 70 மில்லிலீற்றர் சாறு முதலில். கிளாஸைச் சற்றே சரித்து, அதன் இருமடங்கு சோடாவை உட்சுவரோரமாக மெல்ல ஊற்றுங்கள். நீண்ட கரண்டியொன்றை அடிவரை விட்டு ஒருமுறை மட்டும் உயர்த்துங்கள். கலக்கிச் சுழற்றவேண்டாம். மேலே ஒரு மெல்லிய தோடம்பழத் தோற்சீவல். அவ்வளவுதான். விருந்தினரின் கண்முன்னே ஊற்றுங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். எதை ஊற்றுகிறோம் என்பதை அவர்கள் காணட்டும்.

இந்த அளவில் ஒரு கிளாஸில் பழத்தின் இயல்பான சீனி ஆறேழு கிராமளவே இருக்கும். அதே கிளாஸ் முழுவதும் தோடம்பழச் சாறாக இருந்தால் அதன் மும்மடங்கு. ஆகவே பெரியம்மாவுக்கும் இது பெரிதும் பாதகமில்லை. அன்னாசி கிடைக்கும் இடத்தில் அன்னாசியும் ஆகும். அது இயல்பாகவே நுரை கூடியதாதலால் சோடாவை இன்னும் நிதானமாக ஊற்றவேண்டும். மாம்பழமென்றால் கூழைச் சிறிது குளிர்நீர் விட்டு இளக்கி வடித்த பின்பே சேர்க்கவேண்டும். இல்லாவிடில் கூழ் அடியிலும் சோடா மேலுமாகத் தனித்தனியே நிற்கும். 'மதுசாரமற்றது' என்று விற்கப்படும் வைன் போத்தல்களைச் சோடாவுக்குப் பதிலாகப் பயன்படுத்த எண்ணுபவர்கள் சுற்றுத்தாளை ஒருமுறை வாசித்துவிடுங்கள். சிலவற்றில் 0.5 வீதம்வரை மதுசாரம் இருப்பதுண்டு. அளவு சிறியதுதான். ஆனால் அண்ணையை மிரட்டியது அளவன்று, அந்தச் சுவை.

என் கருத்தைக் கேட்ட நண்பர் ஒருவர், “ஒருத்தருக்காக முப்பது பேரின்ரை கொண்டாட்டத்தை ஏன் கெடுக்கிறீர்?” என்றார். கெடுப்பது எங்கே என்று எனக்கு விளங்கவில்லை. வைன் போத்தல் அதே மேசையில்தான் இருக்கிறது. வேண்டியவர் ஒருமுறை கையை நீட்டவேண்டும். முப்பது பேர் கைநீட்டும் சிரமத்தையும், ஒருவர் பதினொரு வருடங்களை இழக்கும் ஆபத்தையும் தராசில் வைத்துப் பார்க்கட்டும். அதோடு அந்த ஒருவர் யார் என்பது விருந்து நடத்துபவருக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. எங்கள் சமூகம் போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்தது. அந்த ஆண்டுகளில் போத்தலுக்குள் இறங்கியவர்கள் பலர். ஏறி வந்தவர்களும் உண்டு. ஏறி வந்தவர்கள் அதைப் பறைசாற்றுவதில்லை. அமைதியாக எங்கள் விருந்துகளுக்கு வந்து, ஓரமாக அமர்ந்து, எழுந்து போகிறார்கள்.

அண்ணை அன்று தப்பினார். அந்த ஒரு மிடறோடு கிளாஸை வைத்துவிட அவரால் முடிந்தது. எல்லோராலும் முடியும் என்று நான் உறுதி கூறமாட்டேன். அவரும் கூறமாட்டார்.

மறுவருடம் சித்திரையில் மருமகள் மீண்டும் அழைத்தாள். அண்ணை வரமாட்டார் என்றே எண்ணியிருந்தேன், வந்தார். மேசையில் தோடம்பழச் சாறு கண்ணாடிக் குடுவையில், அருகே சோடாப் போத்தல்கள். வைன் போத்தல் மறுமூலையில் தன் பெயர்ச்சீட்டோடு நின்றது. மருமகள் எதுவும் விளக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் முன்னாலேயே சாற்றை ஊற்றி, சோடாவை ஊற்றி, கிளாஸை நீட்டினாள். அவர் வாங்கி, பழக்கதோசத்தில் ஒருமுறை முகர்ந்து பார்த்தார். பிறகு குடித்தார்.

“தேசிக்காய் கொஞ்சம் கூடிப்போச்சு பிள்ளை” என்றார்.

நாற்பது ஆண்டுகள் பிறர் எழுத்தைத் திருத்தியவர். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டால் அவர் இயல்பாக இருக்கிறார் என்று பொருள். தேசிக்காய் பாதிதான் என்று மேலே நான் எழுதியிருப்பது அன்று அவர் செய்த திருத்தம்.